எந்த அலை யாருக்கு?

ஒரே கடல், ஒரே காலை. ஆனாலும் ஒருவருக்கு விளையாட்டாக இருக்கும் அலை அடுத்தவரின் தோள்பட்டையைக் கழற்றிவிடும். அறுகம்பை முதல் கோவளம் வரை, சர்ஃபிங் போகிறவர்கள் கால் நனைக்கும் முன்பே எடுத்தாக வேண்டிய முடிவைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

ஜூலை மாதத்தில், கிழக்கு வெளுக்கும் முன்பே அறுகம்பையின் கடைத்தெருவில் ஆட்டோக்கள் உறுமத் தொடங்கிவிடும். த்ரீவீல் என்று அங்கே பெயர். கூரைமேல் நாலைந்து சர்ஃப் போர்டுகளை அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். சில வண்டிகள் பொத்துவில் நகரைத் தாண்டி வடக்கே போகும். சில, பாணமைச் சாலையில் தெற்கே திரும்பும். வேறு சிலர் எந்த வண்டிக்கும் காத்திராமல், போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலோடு நடந்து முனைக்குப் போய்விடுவார்கள். எல்லோருக்கும் அன்றைக்குக் கிடைத்திருப்பது ஒரே கடல்தான். பிறகு ஏன் ஆளுக்கொரு திசை?

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது இந்த ஊர். தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் பக்கம் பக்கமாக வாழும் மீன்பிடிப் பகுதி. போர்டோடு வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. நடுவில் போர் வந்தது, 2004-ல் சுனாமி வந்து கரையையே துடைத்துப் போட்டது. அதன் பிறகும் எழுந்து, 2019-ல் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்றை நடத்தியது. சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாம் உலகின் சிறந்த சர்ஃப் ஊர்களில் ஒன்று என்று அதைப் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியலை நம்பி வந்து இறங்குகிறவருக்குத்தான் குழப்பம். வடக்கே லைட்ஹவுஸ் பாயிண்டில் தொடங்கித் தெற்கே உகந்தை வரை சர்ஃப் செய்யும் இடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் உள்ளூர் ஆட்டோக்காரர்கூடப் பதில் சொல்லமாட்டார். முதலில் உங்களை ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் போர்டைப் பார்ப்பார், பிறகு எத்தனை நாளாகச் செய்கிறீர்கள் என்று கேட்பார்.

ஆறு நாள் பயணம்

அறுகம்பையில் உடைகிற அலை அறுகம்பையில் பிறப்பதில்லை. அண்டார்டிகாவுக்கு வடக்கே, 40 முதல் 60 டிகிரி தென் அட்சத்தில் ஓயாமல் புயல் வீசும் கடலில் பிறக்கிறது. காற்று எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு அகலமான நீர்ப்பரப்பின் மேல் வீசுகிறதோ அந்த அளவுக்கு அலை வளரும். புயல் தன் வழியே போய்விடும். அது கிளப்பிவிட்ட அலைகள் வரிசை கட்டிக்கொண்டு வடக்கே உருண்டு வரும். இப்படித் தொலைவிலிருந்து வரும் வரிசையைத்தான் சர்ஃபர்கள் ஸ்வெல் என்கிறார்கள்.

ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் பீரியட். இந்த விளையாட்டில் இதைவிட முக்கியமான எண் இல்லை என்பது என் கட்சி. 15 விநாடி பீரியட் உள்ள ஸ்வெல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் நகரும். ஒரு நாளைக்கு 1,000 கிலோமீட்டர். 6,000 கிலோமீட்டர் தெற்கே கிளம்பியது இலங்கையைத் தொட 6 நாள் ஆகும். அடுத்த வாரம் எந்தக் கிழமை அலை வரும் என்பதை இன்றே ஓரளவு சொல்ல முடிவது இதனால்தான்.

புதிதாக வருகிறவர்கள் செல்போன் செயலியைத் திறந்ததும் பார்ப்பது உயரத்தை மட்டும். ஒரு நாள் '1 மீட்டர், 8 விநாடி' என்று இருக்கிறது. இன்னொரு நாள் '1 மீட்டர், 15 விநாடி'. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். முதலாவது, பக்கத்துக் கடலில் அடித்த காற்று கிளப்பிய சில்லறை அலை. ஆழ்கடலில் அதன் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு 100 மீட்டர். இரண்டாவதற்கு 350 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரை தண்ணீரை அசைக்கும். ஆகவே சின்னது 50 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே தரை இருப்பதை உணரும், நீளமானதோ 175 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்து அங்கிருந்தே வளையத் தொடங்கிவிடும். அது சுமந்து வரும் ஆற்றலும் முன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கரையோரம் ஆழம் குறையக் குறைய, அந்த ஆற்றலுக்குப் போக வேறு வழியில்லாமல் மேலே எழும்பும். செயலியில் 1 மீட்டர் என்று பார்த்துவிட்டு வந்தவர் முன்னால் மார்பளவுக்கும், சில முனைகளில் ஆள் உயரத்துக்கும் சுவர் எழும்பி நிற்கும். செயலி பொய் சொல்லவில்லை. அது சொல்வது நடுக்கடலின் உயரம், உங்கள் கால் மாட்டில் உள்ள உயரமல்ல.

நீண்ட பீரியட் அலைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவை கும்பலாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள் அடுத்தடுத்து உடையும், இதற்கு செட் என்று பெயர். பிறகு பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது. கரைக்கு வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர் அந்த அமைதியைத்தான் கடலின் இயல்பு என்று எடுத்துக்கொள்வார். அவர் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்ச் சேரும்போது அடுத்த செட் வந்து சேரும். தேர்ந்தவர்கள் போர்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே இருபது நிமிடம் கரையில் நிற்பது சோம்பலால் இல்லை.

முனை திரும்பும் அலை

தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் ஸ்வெல், கிழக்கு பார்த்த கரையை நேராக வந்து முட்ட வழியில்லை. கரையின் வடிவம்தான் அதை உள்ளே அழைத்து வருகிறது. இந்தப் பக்கத்தில் பாறை முனைகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன, ஒவ்வொரு முனைக்கும் வடக்கே பிறை வடிவத்தில் ஒரு விரிகுடா. முனையை ஒட்டி ஆழம் குறைவு. அங்கே அலையின் ஒரு நுனி தரை தட்டி வேகம் குறையும், ஆழத்தில் இருக்கும் மறுநுனி பழைய வேகத்திலேயே வரும். மாடவீதி முனையில் தேரைத் திருப்பும்போது உள்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு வெளிப்பக்கத்தை ஓடவிடுவார்களே, அந்த வேலையைத்தான் இங்கே பாறை செய்கிறது. அலை முனையைச் சுற்றி வளைந்து விரிகுடாவுக்குள் நுழையும். ஒரே வீச்சாகக் கவிழாமல், முனையில் தொடங்கி வடக்கே சீராக உடைந்துகொண்டே போகும். அந்த உடையும் விளிம்புக்கு ஒரு கை முன்னால் ஓடிக்கொண்டே இருப்பதுதான் சர்ஃபிங்.

இதனால் இந்தக் கரையின் முனைகளில் அலை பெரும்பாலும் வலப்பக்கமாகவே ஓடும். கரையைப் பார்த்து நிற்கும் சர்ஃபருக்கு முனை இடக்கைப் பக்கம், ஓட்டம் வலக்கைப் பக்கம். சென்னையை ஒட்டிய கோவளம் முனையிலும் இதே கதைதான். இடது காலை முன்வைத்து நிற்கிறவருக்கு அலை முகத்துக்கு எதிரே இருக்கும், வசதி. வலது காலை முன்வைக்கிறவர்களுக்கு, அதாவது கூஃபி என்று பெயர் வாங்கியவர்களுக்கு, அலை முதுகுப் பக்கம் வரும். கற்றுக்கொள்ளும் நாட்களில் இது சிறிய விஷயமே இல்லை. ஆனாலும் எந்தக் கால் முன்னால் என்று யோசித்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் குறைவு.

இனி காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை இலங்கையின் மலைநாட்டில் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்டு அனலாக இறங்குகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இதற்குக் கச்சான் என்று பெயர். ஊர் அதைத் திட்டும், சர்ஃபர்கள் அதற்காகத்தான் விமானம் ஏறி வருகிறார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, எழுந்து வரும் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து, அது அவசரப்பட்டுக் கவிழாமல் பார்த்துக்கொள்ளும். மேற்பரப்பும் வழவழப்பாக இருக்கும். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றோ அலையை முன்கூட்டியே நொறுக்கும், முகம் முழுக்கச் சொரசொரப்பாகும். நண்பகலை நெருங்கும்போது நிலம் சூடேறி, கடற்காற்று தலைகாட்டும். காலை ஆறு மணிக்குக் கண்ணாடியாக இருந்த அதே இடம் பதினொரு மணிக்குக் கலங்கிக் கிடக்கும். விடிவதற்கு முன்பே ஆட்டோ பிடிப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை.

அக்டோபர் கடைசியில் காற்று வாடையாகத் திரும்பியதும் எல்லாம் தலைகீழ். அறுகம்பையில் கடைகள் ஒவ்வொன்றாக மூடும். பயிற்சியாளர்களில் பலர் போர்டுகளோடு தீவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார்கள். வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ என்று தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை காற்று நிலத்திலிருந்து வீசும் பருவம். டிசம்பர் விடுமுறைக்கு அறுகம்பையில் அறை போட்டுவிட்டு, மழையையும் கலங்கிய கடலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சென்னைக் குடும்பங்கள் உண்டு. அறை மலிவாகக் கிடைத்ததன் காரணம் அப்போதுதான் புரியும்.

முனைக்கு முனை மாறும் பாடம்

மெயின் பாயிண்ட் என்பது விரிகுடாவின் தென்முனை. அறுகம்பையின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது இந்த ஒரு அலைதான். நல்ல ஸ்வெல் வந்த நாளில் ஒரே அலையில் சில நூறு மீட்டர் ஓடலாம். கரையிலிருந்து பார்க்கும்போது அது மிக எளிதாகத் தெரியும். எளிதாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே ஓடிக்கொண்டிருப்பவர்கள் பல ஆண்டு பழகியவர்கள். அடியில் இருப்பது பாறை. அதன் இடுக்குகளில் கடல் முள்ளெலிகள். தண்ணீர் வற்றும் நேரத்தில் உள்பகுதியில் பாறை முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். இலங்கையைச் சுற்றி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் ஏழு மீட்டர் வரை போகும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏற்றவற்றத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இடுப்பளவு ஆழத்தில் பாறை இருக்கும் இடத்தில் அரை மீட்டர் குறைந்தால் என்ன மிச்சம் இருக்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. பாறையில் உரசிய காயம் இந்த வெப்பத்தில் ஆறவும் ஆறாது.

அந்த அலையே முனையைத் தாண்டி உள்ளே தேய்ந்து வரும்போது, ஊருக்குப் பக்கத்தில் பேபி பாயிண்டாக மாறுகிறது. முதல் வாரத்துக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். மெயின் பாயிண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே முழங்காலளவு அலையில் எழுந்து நிற்கப் பழகுவார்கள்.

வடக்கே விஸ்கி பாயிண்ட். ஏறும் இடத்தில் கொஞ்சம் பாறை உண்டு, ஓடும் பாதை பெரும்பாலும் மணல். அலை மெதுவாக நிமிரும், எழுந்து நிற்க நேரம் கொடுக்கும். நுரையில் பழகி முடித்து, உடையாத பச்சை அலையைப் பிடிக்கப் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கரையில் இல்லை. குறை ஒன்றுதான்: இது எல்லாப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் தெரியும். எட்டு மணிக்கு மேல் போனால் அலையைவிட ஆட்கள் அதிகம். பொத்துவில் பாயிண்ட் இன்னொரு ரகம். மணல் அடித்தளத்தில் மிக நீளமாக ஓடக்கூடியது, ஆனால் ஸ்வெல் பெரிதாக இருந்தால்தான் விழித்துக்கொள்ளும். சின்ன நாளில் அங்கே போனால் நல்ல நடைப்பயிற்சி.

தெற்கே, எலிஃபன்ட் ராக்கில் அலை மிதமானது. அங்கே அலையைவிடக் கவனிக்க வேண்டியது நிலத்தை. சாலையிலிருந்து கரைக்குப் போகும் வழியில் களப்பு இருக்கிறது, களப்பில் முதலை இருக்கிறது. 2017 செப்டம்பரில், சர்ஃப் கற்க வந்த இளம் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஒருவரை அந்தப் பக்கத்து நீர்நிலையில் முதலை இழுத்துச் சென்று கொன்றது. சர்ஃப் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் எந்த வழியாகக் கரைக்குப் போய், எந்த வழியாகத் திரும்புகிறோம் என்பதும் அதில் சேர்த்திதான். களப்பின் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் அதன் அருகே தண்ணீரில் நிற்காமல் இருப்பது நல்லது.

அதற்கும் தெற்கே பீனட் ஃபார்மில் ஒரே விரிகுடாவில் இரண்டு குணம். முனையை ஒட்டி அலை குழலாக உருண்டு வேகமாக விழும், பழகியவர்களுக்கு அது. உள்ளே தள்ளி நின்றால் மென்மையான அலை கிடைக்கும். ஒருவர் தேர்ந்தவர், மற்றவர் புதியவர் என்று வரும் தம்பதிகளுக்கு இந்த இடம் சண்டையில்லாமல் ஒரு காலையைக் கழிக்க உதவும்.

கடைசியாக உகந்தை. அறுகம்பையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, குமண வனப் பூங்காவின் வாசலில். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர்கள், காட்டுக்குள் நுழையும் முன்பு தங்கும் உகந்தை மலை முருகன் கோயில் இதுதான். யாத்திரையும் சர்ஃப் பருவமும் ஒரே மாதங்களில் வருவதால், காவி வேட்டிக்காரர்களும் போர்டைத் தூக்கிய வெள்ளைக்காரர்களும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவார்கள். இங்கே அலை வேகமானது, பலமானது. திறந்த கடலின் ஸ்வெல்லை அதிகம் வடிகட்டாமல் வாங்குகிறது. மற்ற இடங்களில் கடல் சும்மா கிடக்கும் நாளில்கூட இங்கே ஏதாவது இருக்கும் என்று தேர்ந்தவர்கள் வருகிறார்கள். அடிபட்டால் மருத்துவமனை வெகு தூரம். கற்றுக்கொள்கிறவர் இங்கே வரலாம், முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

உண்மையைச் சொன்னால்

அலையின் அளவைச் செயலி சொல்லிவிடும். தன் அளவை யார் சொல்வது? சர்ஃப் பள்ளிகளில் சேரும்போது 'நடுத்தரம்' என்று எழுதித் தருகிறவர்களில் பாதிப் பேரை முதல் பத்து நிமிடத்தில் மறுபடியும் ஆரம்பத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பது பயிற்சியாளர்களின் வழக்கமான அலுப்பு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நுரையில் எழுந்து நின்ற உடனே சர்ஃபிங் வந்துவிட்டதாகத்தான் எல்லோருக்கும் தோன்றும். உடைந்த அலையின் நுரை உங்களைத் தள்ளிக்கொண்டு வரும், நேரமும் தரும். உடையாத அலையில் நீங்களே கைகளால் துடுப்புப் போட்டு அதன் வேகத்தை எட்டி, அது செங்குத்தாகும் அந்த ஒரு விநாடியில் எழுந்து, பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முன்னதிலிருந்து பின்னதற்குப் போகப் பலருக்கு மாதங்கள் ஆகும்.

நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் நம்புகிறேன். லீஷ் என்று சொல்லப்படும் கால் கயிறு அறுந்து போர்டு போய்விட்டால், நிற்கிற இடத்திலிருந்து கரைக்கு நீந்தி வர முடியுமா? 'முடியும்' என்பதற்கு முன்னால் ஒரு விநாடி தயங்கினால், அந்த இடம் இன்னும் உங்களுக்கானதல்ல. போர்டு மிதவை அல்ல, அது கையில் இருக்கும்வரைதான் துணை.

ஆரம்பக்காரருக்குத் தேவை எளிதான பட்டியல்: மணல் அடித்தளம், இடுப்பளவு ஆழம், முழங்காலிலிருந்து இடுப்பு வரை உயரமான அலை, எட்டு ஒன்பது அடி நீளத்தில் மென்பரப்புப் போர்டு. அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும் என்பது கடலியல் கணக்கு. அரை மீட்டர் அலை உடையும் இடத்தில் தண்ணீர் தொடையளவுதான். தலைகீழாகக் குதிக்கக் கூடாது, விழுந்தால் தட்டையாக விழ வேண்டும் என்று முதல் நாளே கத்துவது இதற்காகத்தான்.

இந்தப் பட்டியலுக்கு இலங்கையில் கச்சிதமாகப் பொருந்துவது வெலிகம. தெற்கு பார்த்த அகலமான விரிகுடா, அடியில் மணல், ஏதோ ஒரு அலை அநேகமாக ஆண்டு முழுவதும். அங்கிருந்து மிதிகம போனால் கூஃபிகளின் ஏக்கம் தீர்க்க லேஸி லெஃப்ட் இருக்கிறது, இடப்பக்கம் ஓடும் நிதானமான அலை. அதே மிதிகமவில் ராம்ஸ் என்ற அலையும் இருக்கிறது. மிக ஆழம் குறைந்த பாறையின் மேல் குழலாகக் கவிழ்வது. நிதானமான அலைக்கும் அந்த அலைக்கும் நடந்தே போய்விடலாம். ஊர் பெயரை மட்டும் வைத்து முடிவெடுப்பது எவ்வளவு அபத்தம் என்பதற்கு மிதிகம போதும்.

அமைதியான இடத்தில் இருக்கும் ஆபத்து

கரையில் நின்று பார்க்கும்போது இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரியும். குடும்பத்தோடு குளிக்க வருகிறவர்கள் அந்த இடத்தைத்தான் தேடிப் பிடிப்பார்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அடியில் ஆழம் அதிகம் என்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. இந்த இழுப்பு நீரோட்டத்தின் உச்ச வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேலும் போகக்கூடும், ஒலிம்பிக் நீச்சல்காரரும் எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து மல்லுக்கட்டாமல் மிதக்க வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேற வேண்டும்.

தேர்ந்த சர்ஃபர்கள் அதே பட்டையில்தான் போர்டைப் போட்டு, உழைக்காமல் அலைக்குப் பின்னால் போய்ச் சேர்கிறார்கள். படகு இறக்கும் மீனவர்களும் அலை தணிந்த இந்த வாய்க்கால்களைக் கண் வைத்திருப்பார்கள். ஒரே தண்ணீர், ஒருவருக்கு வழி, இன்னொருவருக்குப் பொறி.

தொலைவில் பிறந்த ஸ்வெல்லின் மறுமுகத்தைத் தமிழகம் 2024 மே 6 அன்று பார்த்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம், சுருக்கமாக இன்காய்ஸ், எச்சரிக்கை விடுத்திருந்தது. உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் நீண்ட பீரியட் அலைகள் வெயில் காயும் நல்ல நாளில் வந்து கரையேறின. கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்று நெடுங்காலமாக அழைத்து வருகிறார்கள். அறுகம்பையில் மெயின் பாயிண்டை உருவாக்குவதும் லெமூரில் ஐந்து பேரைக் கொண்டுபோனதும் ஒரே வகைக் கடலிலிருந்து கிளம்பிய அலைகள்தான். இன்காய்ஸ் இணையதளத்தில் தமிழகக் கரைக்கான அலை உயரமும் பீரியடும் அன்றாடம் இலவசமாகக் கிடைக்கின்றன. சர்ஃபர்கள் பார்க்கிறார்கள். கல்லூரிச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களும் பார்க்கத் தொடங்க வேண்டும்.

நம் கரையில்

தமிழகத்தின் 1,000 கிலோமீட்டர் கரையில் அலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. வேதாரண்யத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இலங்கையே குறுக்கே நின்று தெற்கத்தி ஸ்வெல்லை மறைத்துவிடுகிறது. அங்கே காற்று உண்டு, அதனால் ராமேஸ்வரத்தில் பட்டம் கட்டி ஓடும் கைட் சர்ஃபிங் வளர்ந்திருக்கிறது. தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டிய மணப்பாட்டில் முனை ஒன்று ஸ்வெல்லை வளைத்து உள்ளே கொண்டுவருகிறது. வடக்கே, சென்னையை ஒட்டிய கோவளமும் மாமல்லபுரமும்.

கோவளத்தின் கதையை மூர்த்தி மேகவனை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. மீனவக் குடும்பத்தில் பிறந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு அலையேறக் கற்றுக்கொடுத்தவர். இன்றைக்குத் தமிழகக் கரையில் பயிற்சி தருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கட்டுமரத்துக்கும் வலைக்கும் பழகிய வீடுகளிலிருந்து வந்தவர்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது, அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயலல்ல. தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து ஸ்வெல் வருகிறது, காலையில் காற்று நிலத்திலிருந்து வீசுகிறது. அறுகம்பைக்குச் சொன்ன கணக்கேதான், அளவு மட்டும் குறைவு.

இந்தக் கரையில் முதல்முறை போர்டில் படுக்கப் போகிறவருக்கு நான் சொல்வது ஜனவரி முதல் மார்ச் வரை. கடல் தணிந்து, அலை சின்னதாக, வெயிலும் தாங்கும்படி இருக்கும். கொஞ்சம் பழகியவர்களுக்கு மே முதல் செப்டம்பர், காலை ஒன்பது மணிக்குள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடையும் புயலும் மாறி மாறி வரும் காலம், அப்போது புதியவர்களுக்கு அங்கே வேலையில்லை. மழைக்காலம் முடிந்து ஜனவரியில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: போன வருடம் அலை உடைந்த இடத்தில் இந்த வருடம் உடையாது. மணல் திட்டு இடம் மாறியிருக்கும். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது, நடுவில் ஒரு துறைமுகச் சுவரோ கல்வரிசையோ வந்தால் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் அரித்துப் போகும். புதுச்சேரிக்கு வடக்கே செரினிட்டி கடற்கரையில் கற்களைக் கொட்டி வைத்திருக்கும் கதையும் அதுதான். அந்தக் கல்வரிசைகளை ஒட்டி இழுப்பு நீரோட்டம் பலமாக இருக்கும். அதனால் இணையத்தில் மூன்று வருடத்துக்கு முன் யாரோ எழுதியதை நம்பி இறங்குவதைவிட, நேற்று அதே இடத்தில் இறங்கியவரிடம் கேட்பது மேல். காலை ஆறு மணிக்குக் கோவளத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கூட்டமும் ஒரு கடல்நிலை

காற்று, ஸ்வெல், ஏற்றவற்றம் என்று எல்லாம் பார்த்துவிட்டு, தண்ணீரில் எத்தனை தலை என்று எண்ணாமல் விடுவது பெரிய விடுபடல். சர்ஃபிங்கில் அலை ஒன்று, ஆள் ஒருவர். முதலில் உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அலை அவருடையது. அவர் எழுந்த பிறகு முன்னால் குறுக்கே ஏறினால் அதற்குச் சர்ஃப் உலகத்தில் மன்னிப்பு கடினம். மெயின் பாயிண்டில் ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் நாற்பது ஐம்பது பேர் ஒரே முனையில் காத்திருப்பது வழக்கம். உள்ளூர் இளைஞர்களுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. எழுதப்படாத விதி, ஆனால் நியாயமானது. அறுகம்பைப் பெண்களுக்குத்தான் பல காலம் அந்த வரிசையில் இடமே இல்லாமல் இருந்தது. 2018-ல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சர்ஃப் சங்கம் தொடங்கினார்கள், இலங்கையில் பெண்களுக்கான முதல் சர்ஃப் சங்கம் அது.

வெலிகமவில் நிலைமை வேறு. அலை பாதுகாப்பானது, ஆபத்து போர்டுகளால். நூறு பேர் ஒரே நுரையில் கற்றுக்கொள்ளும்போது, ஆளில்லாமல் தறிகெட்டு வரும் ஒன்பதடிப் போர்டு எந்தப் பாறையையும்விட மோசம். விழுந்ததும் முதலில் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மேலே வருவதும், எக்காரணம் கொண்டும் போர்டைக் கைவிட்டு முங்காமல் இருப்பதும் அங்கே எழுந்து நிற்பதற்கும் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியவை.

ஆகவே பல நாட்களில் சரியான தேர்வு என்பது இரண்டாம் தர அலையும் ஐந்தே ஆட்களும் உள்ள கடற்கரை. மெயின் பாயிண்டின் வரிசையில் காத்திருக்கும் புதியவருக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு அலை கிடைத்தால் பெரிது, அந்த இரண்டிலும் விழுந்துவிடுவார். அதே ஒரு மணி நேரத்தில் பேபி பாயிண்டில் பதினைந்து முறை எழுந்து நிற்கலாம். ஆட்டோ செலவும் மிச்சம்.